பொதிக்குதிரை போட்ட தடம்

இங்கிலாந்தின் வடபகுதியில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே, மரங்களின்றிக் காற்றுக்குத் திறந்து கிடக்கும் மேட்டுநிலங்களை அந்நாட்டார் 'மூர்' என்று அழைக்கின்றனர். மேற்பரப்பில் ஹெதர் என்னும் குறும்புதர்களும், அவற்றின் அடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுதும் மட்காமல் படிந்த தாவர எச்சங்களாலான 'பீட்' என்னும் கரிய சதுப்பு மண்ணும் நிறைந்த இந்நிலத்தில், கோடை மாலைகளில் வேலை முடிந்த நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து மலைச் சைக்கிள் ஓட்டிச் செல்வது இன்று வழக்கமான காட்சி. பார்ப்பவருக்கு எல்லையற்ற வெளியில் விருப்பம்போல் திரியும் விளையாட்டாகத் தோன்றினாலும், சைக்கிளுக்கு அங்கே உரிமையுள்ள இடம் வெளி அன்று, தடம் மட்டுமே. அத்தடங்களிற் பலவற்றைப் போட்டவை பொதிக்குதிரைகளே.

வண்டிச்சாலைகள் பரவுவதற்கு முன்பு, செஷயரில் எடுக்கப்பட்ட உப்பும் மலைக்கிராமங்களில் நெய்யப்பட்ட கம்பளித் துணியும் இம்மேடுகளைக் கடந்தது குதிரை முதுகில்தான். ஒரு குதிரை சுமார் 100 கிலோ பொதியைச் சுமக்க, முன்னே செல்லும் குதிரையின் கழுத்துமணி ஓசையைத் தொடர்ந்து மற்றவை வரிசையாகச் செல்லும். இவற்றை ஓட்டிச் சென்றவர்களுக்கு 'ஜாகர்' என்று பெயர். பீட் மண்ணில் கால் புதையும் இடங்களில் பலகைக் கற்கள் பாவப்பட்டன. ஓடைகளின் மேல் ஒரு குதிரை மட்டுமே செல்லத்தக்க குறுகிய கற்பாலங்கள் எழுந்தன. இருபுறமும் தொங்கும் பொதி இடிக்காதிருக்க அப்பாலங்களின் கைப்பிடிச் சுவர்கள் மிகத் தாழ்வாகக் கட்டப்பட்டன. பனிமூட்டத்தில் வழிதவறுவோருக்காக நாற்சந்திகளில் வழிகாட்டிக் கற்கள் நட 1697ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகைசெய்தது. டெர்பிஷயரில் 1709 என்று ஆண்டு பொறித்த அத்தகைய கற்கள் இன்றும் நிற்கின்றன.

ஈடேல் பள்ளத்தாக்கின் மேற்கு முனையில் உள்ள 'ஜேக்கப்பின் ஏணி' இவ்வரலாற்றைக் கண்முன் நிறுத்தும் இடம். 18ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல் என்பவர், தம் குதிரை வளைந்து வளைந்து மேலேறும் நேரத்தில் தாம் நேராக ஏறிவிடுவதற்குச் செங்குத்தான சரிவில் படிகள் வெட்டினார் என்பது செவிவழிச் செய்தி. இன்றும் அடிவாரத்துச் சிறு கற்பாலத்தைத் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரிகிறது: நடப்போர் படிகளில் நேரே ஏற, சைக்கிள்காரர்கள் குதிரை சென்ற வளைவுத் தடத்தைப் பிடிக்கின்றனர்.

கால்வாயும் இரயிலும் வந்தபின் பொதிக்குதிரைகள் மறைந்தன. அதே காலத்தில், ஊராருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் மேடுகள் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. பின்னர் அவை குரௌஸ் என்னும் காட்டுக்கோழியைச் சுடும் செல்வர்களின் வேட்டைக்களமாக, காவலாட்கள் பிறரை விரட்டத் தொடங்கினர். 1894இல் பர்மிங்ஹாமில் பொதுவுடைமை ஆர்வலர்கள் தோற்றுவித்த கிளாரியன் சைக்கிள் கழகம் போன்ற அமைப்புகளின் வழியே ஊர்ப்புறங்களுக்கு வரத் தொடங்கிய தொழிலாளர்க்கு, கண்ணெதிரே தெரிந்த மேடுகள் இவ்வாறு அடைபட்டிருந்தன. இந்தத் தடையை எதிர்த்து 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் அத்துமீறி ஏறினர். அதற்குத் தலைமை தாங்கிய 20 வயது பென்னி ராத்மன், இரயில் நிலையத்தில் காத்திருந்த காவலர் கண்ணில் படாமல் அடிவாரத்து ஊரான ஹேஃபீல்டுக்கு வந்து சேர்ந்தது சைக்கிளில்தான். அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அப்போராட்டத்தின் பயன் நடப்போரைச் சேர்ந்த அளவுக்குச் சைக்கிளைச் சேரவில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப்புறப் பாதைகளை வரைபடத்தில் பதிந்து, நடப்போர்க்கு மட்டும் உரியவை நடைபாதை என்றும், குதிரைக்கும் உரியவை 'பிரிடில்வே', அதாவது குதிரைப்பாதை என்றும் வகைப்படுத்தப் பணித்தது. 1968ஆம் ஆண்டு ஊர்ப்புறச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நடப்போர்க்கும் குதிரையேறுவோர்க்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன், குதிரைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் உரிமையை வழங்கியது; ஆனால் அப்பாதையைச் சைக்கிளுக்கு ஏற்றதாக்கும் கடமை யாருக்கும் இல்லை என்றும் சேர்த்தே சொன்னது. மலைச் சைக்கிள் என்ற பொருளே அப்போது பிறந்திருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்து இளைஞர்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பிரேக்கில் மீண்டும் மசகு அடைக்க வேண்டியிருந்ததால் 'ரீபேக்' என்று பெயர் பெற்ற மலைச்சரிவில், பழைய கனத்த சைக்கிள்களை முதல் பந்தயமாக ஓட்டியது 1976இல். பெருமளவில் தயாரிக்கப்பட்ட ஸ்டம்ப்ஜம்பர் என்னும் மலைச் சைக்கிள் வெளிவந்தது 1981இல். கரடுமுரடான வழிகளில் சாதாரண சைக்கிளைத் தள்ளியும் தூக்கியும் சென்ற சிலர் 1955இல் அமைத்த 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற கழகமே பிரிட்டனில் இதற்கு முன்னோடி.

மாலை நேரம் கிடைத்ததற்கும் ஒரு சட்டமே துணைநின்றது. விடியலின் வெளிச்சம் உறக்கத்தில் வீணாகிறது என்று 1907 முதல் வாதாடிய வில்லியம் வில்லெட் என்ற கட்டடத் தொழில் முனைவர் 1915இல் மறைய, போர்க்கால எரிபொருள் சிக்கனத்துக்காக 1916இல் கோடைக்காலக் கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. ஜூன் மாதத்தில் இம்மேடுகளில் கதிரவன் மறையும்போது மணி ஒன்பதரை ஆகிவிடுவதால், ஐந்து மணிக்கு வேலை விட்டவரும் இருட்டுமுன் ஒரு சுற்று முடித்துத் திரும்ப முடிகிறது.

ஸ்காட்லாந்து 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் பெரும்பாலான திறந்த நிலங்களில் நடப்போர்க்கு இணையாகச் சைக்கிளுக்கும் உரிமை வழங்கிவிட்டது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2000ஆம் ஆண்டுச் சட்டமோ மூர்களின் திறந்த வெளியை நடப்போர்க்குத் திறந்துவிட்டு, சைக்கிளை அந்த உரிமையிலிருந்து விலக்கியது. ஆகவே, ராத்மன் எந்த மேட்டுக்காகச் சிறை சென்றாரோ அந்தக் கிண்டர் ஸ்கௌட்டின் திறந்த வெளியில் இன்று எவரும் நடந்து திரியலாம். அவரை அங்கே கொண்டுவந்து சேர்த்த சைக்கிளுக்கு மட்டும் இன்னமும் குதிரைப்பாதையே கதி.