எம். ஐ. ஏ.யின் இசைத்தொகுப்புகள்

எம். ஐ. ஏ. என்ற மேடைப்பெயரால் அறியப்படும் மாதங்கி "மாயா" அருள்பிரகாசம் (பிறப்பு: சூலை 18, 1975) இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியப் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். 2005க்கும் 2022க்கும் இடையில் இவரது ஆறு இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. இவை பொதுவாக ராப், நடன இசை என்று வகைப்படுத்தப்பட்டாலும், இவற்றின் அடியில் பங்க் இசையின் இழை தொடர்ந்து ஓடுகிறது. இக்கட்டுரை அவ்விழையை மையமாகக் கொண்டது.

பங்க் பின்னணி

பங்க் இசை 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் உருவானது. இரண்டு மூன்று கிட்டார் சுரக்கோவைகள் தெரிந்தால் போதும், எவரும் குழு தொடங்கலாம் என்பதே அதன் கொள்கை. ரமோன்சு குழுவின் முதல் தொகுப்பு 1976இலும், தி கிளாசு குழுவின் முதல் தொகுப்பு 1977இலும் வெளியாயின. இதன் மெல்லிசை சார்ந்த கிளையான பாப் பங்க், கிரீன் டே குழுவின் டூக்கி (1994) மூலம் பெருவணிக வெற்றி கண்டது. எம். ஐ. ஏ. பாப் பங்க் கலைஞர் அல்லர். ஆனால் பயிற்சியின்றித் தானே செய்து பார்க்கும் பங்க் மரபும், அனைவரும் முணுமுணுக்கும் பல்லவியும் இவரது பாடல்களில் ஒன்றாக வருகின்றன.

அருளர் (2005)

இலண்டனில் பிறந்த மாயா, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்திற்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே வளர்ந்தார். போர்ச் சூழலில் சிறிது காலம் சென்னையில் வசித்தபின், 1986இல் தாயுடன் அகதியாக இலண்டன் திரும்பினார். அங்கு நுண்கலையும் திரைப்படமும் பயின்றார். எலாசுடிகா குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்பிற்கு உறை வடிவமைத்ததே இசையுலகில் இவரது நுழைவாயில். அக்குழுவின் பயணத்தின்போது பீச்சசு என்ற கலைஞர் ரோலண்ட் எம்.சி.-505 என்னும் தாளக்கருவியை அறிமுகம் செய்தார். இசைப் பயிற்சி இல்லாத மாயா அக்கருவியைக் கொண்டே பாடல்களை அமைக்கத் தொடங்கினார். ஈரோசு இயக்க நிறுவனர்களுள் ஒருவரான தந்தையின் இயக்கப்பெயரே தொகுப்பின் பெயராயிற்று. உறையில் இடம்பெற்ற புலி, ஆயுதப் படங்கள் வன்முறையைப் போற்றுகின்றன என்ற கண்டனமும் எழுந்தது. இத்தொகுப்பு மெர்க்குரி பரிசின் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது.

காலா (2007)

தாயின் பெயரைத் தாங்கிய இத்தொகுப்பே இவரது ஆகச் சிறந்த ஆக்கம் எனலாம். அமெரிக்காவில் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்த இவருக்கு 2006இல் நுழைவிசைவு மறுக்கப்பட்டது. இதனால் இந்தியா, டிரினிடாட், ஆத்திரேலியா எனப் பல நாடுகளில் பதிவு நடந்தது. சென்னையில் உறுமிக் கலைஞர்களின் வாசிப்பும் பதிவானது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்தும் மறுமுகத்தைக் குச்சியால் அடித்தும் வாசிப்பர். கோயில் திருவிழாக்களில் கேட்கும் இந்த உறுமல் ஒலியை "பேர்ட் ஃபுளூ" பாடலில் கேட்கலாம். "பேம்பூ பேங்கா" பாடலில் தளபதி (1991) திரைப்படத்தின் "காட்டுக்குயிலு" பாடலிலிருந்து இளையராசாவின் இசைத்துணுக்கு உள்ளது. அதே பாடலின் தொடக்க வரிகளோ, பங்க் இசையின் முன்னோடிகளான மாடர்ன் லவர்சு குழுவின் "ரோட்ரன்னர்" பாடலைத் தழுவியவை. இவ்விரண்டும் ஒரே பாடலில் சந்திப்பது வேறெங்கும் காண அரிது.

"பேப்பர் பிளேன்சு" பாடலின் அடித்தளம், தி கிளாசு 1982இல் வெளியிட்ட "சுட்ரெய்ட் டு ஹெல்" பாடலின் துணுக்கு ஆகும். மூலப்பாடல் வேலையிழந்த ஆங்கிலேயரையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும், ஏற்கப்படாத குடியேறிகளையும் பற்றியது. மாயா அதன்மீது, குடியேறிகளைக் குற்றவாளிகளாகக் காணும் பார்வையைக் கேலி செய்யும் பாடலை அமைத்தார். பல்லவியில் சொற்களுக்குப் பதிலாகத் துப்பாக்கிச் சூடும் பணப்பெட்டி திறக்கும் ஒலியும் வருகின்றன. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவ்வொலி மாற்றப்பட்டே ஒலித்தது. நுழைவிசைவுச் சிக்கலின் எரிச்சலில் பிறந்த இப்பாடல், 2008இல் அதே அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடத்தை எட்டியது. பாடலாசிரியர்களாகத் தி கிளாசு குழுவினரின் பெயர்களும் சேர்க்கப்பட்டுள்ளன. சிலம்டாக் மில்லியனர் (2008) திரைப்படத்திலும் இது இடம்பெற்றது. அதே படத்திற்காக ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து உருவாக்கிய "ஓ... சாயா" ஆசுக்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

பிந்தைய தொகுப்புகள்

மாயா (2010) தொகுப்பு, ஈழப்போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின் வெளிவந்தது. கேட்பதற்குக் கரடுமுரடானது, விமர்சகர்கள் இருபிரிவாயினர். இதிலுள்ள "போர்ன் ஃப்ரீ" பாடல், சூசைட் குழு 1977இல் வெளியிட்ட "கோசுட் ரைடர்" பாடலின் துணுக்கின்மீது எழுப்பப்பட்டது. ரோமன் கவ்ராசு இயக்கிய இதன் நிகழ்படத்தில், செம்பட்டைத் தலைமுடி கொண்ட இளைஞர்களைப் படையினர் தேடிப்பிடித்துக் கொல்கின்றனர். இனத்தின் பெயரால் நடக்கும் கொலைகளின் பொருளின்மையைக் காட்டும் இந்நிகழ்படத்தை யூடியூப் கட்டுப்படுத்தியது.

பின்னர் மாதங்கி (2013), எய்ம் (2016), மாதா (2022) ஆகியன வெளிவந்தன. இவற்றில் பங்க் ஒலி குறைந்து, நடனத்தாளமே மேலோங்கியது. இவரது வாழ்வைப் பற்றி சுடீவ் லவ்ரிட்ச் இயக்கிய ஆவணப்படம் 2018இல் வெளியானது.