முதியோர் உணவும் வீட்டுப் பராமரிப்பும்: காஞ்சிபுரம் வட்டாரம்

தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், நெடுநாள் நோயாளிகள் ஆகியோருக்கு அரசுப் பணத்தில் கிடைக்கும் சோறு, அரிசி, ஓய்வூதியம், வீடு தேடி வரும் மருத்துவம் ஆகியவை இத்தலைப்பில் அடங்கும். தமிழ்நாட்டில் இவை ஒரே சட்டத்தில் பிறக்கவில்லை. ஓய்வூதியத்தை வருவாய்த் துறை பார்க்கிறது. சத்துணவைச் சமூக நலத் துறை, ரேஷனைக் கூட்டுறவு மற்றும் உணவுத் துறை, மருந்தை மக்கள் நல்வாழ்வுத் துறை, கோயில் அன்னதானத்தை அறநிலையத் துறை. வேகவதிக் கரையில், பட்டுத்தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்துக்கு அருகே இருக்கும் திருப்பருத்திக்குன்றம் போன்ற ஊரில், நடமாட முடியாத ஒரு பாட்டியின் வாசலில் இத்தனை துறைகளும் சந்திக்க வேண்டும். பல நேரம் சந்திப்பதில்லை. இந்த உதவியின் வரலாற்றை, பாத்திரத்துக்கும் பசித்தவருக்கும் இடையே இருந்த தூரத்தின் வரலாறாகவே படிக்கலாம்.

பழைய சான்றுகள்

வேகவதி காஞ்சியைக் கடந்துபோய்ப் பாலாற்றோடும் செய்யாற்றோடும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. வீரசோழன் என்ற பெயரில் நடந்த ஆதுலசாலை என்னும் மருத்துவமனையின் செலவுக் கணக்கை அது வரிவரியாகச் சொல்கிறது. படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். படுத்திருப்பவருக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய அரிசியும் கணக்கில் இருக்கிறது. சோறு, மருந்து, துணைக்கு ஆள் மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதியது இன்றைய நிர்வாகத்துக்கும் எட்டாத ஒழுங்கு. ஆனால் அந்தப் படுக்கைகள் கோயில் பணியாளருக்கும் அங்கே தங்கிப் படித்த மாணவருக்கும் உரியவை. ஊர் ஏழைகளுக்கு உரியவை என்று கொள்ள இடமில்லை.

திருப்பருத்திக்குன்றம் சமணர் காஞ்சி எனப்பட்ட ஊர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387–88இல் கட்டினார். சமணம் வலியுறுத்தும் நான்கு தானங்கள் உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். அந்த வரிசையில் சோறும் மருந்தும் அடுத்தடுத்து நிற்பது கவனிக்கத்தக்கது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையிலோ, அட்சய பாத்திரம் பஞ்சத்தில் வாடிய காஞ்சிக்கே வந்து சேர்கிறது. பாத்திரம் பசித்தவரைத் தேடி நடந்ததைச் சொல்லும் முதல் தமிழ்க்கதை அதுவாக இருக்கலாம்.

கஞ்சித் தொட்டி

அரசு நிர்வாகம் சமைத்த உணவைக் கையில் எடுத்தது பஞ்சத்தால்தான். 1781ஆம் ஆண்டுப் பஞ்சத்தையடுத்து 1782இல் சென்னையில் மணியக்காரர் சத்திரம் கஞ்சி ஊற்றும் இடமாகத் தொடங்கியது. பின்னர் நோயாளிகளுக்கும் இடம் தந்தது. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் தொடக்கம் அது. வடசென்னை மக்கள் நெடுங்காலம் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைத்தார்கள்.

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் உணவுக்கு விலையாக உழைப்பு கேட்கப்பட்டது. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று, நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். உயிர் தங்க அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். வேலை செய்யவே முடியாதவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையம் விடை தேடியது: அவர்களுக்கு அவரவர் ஊரிலேயே, வேண்டுமானால் வீட்டிலேயே, இலவச உதவி கொடுக்கலாம். வீட்டு வாசலில் உதவி என்ற எண்ணம் நம் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அப்போதுதான் எனலாம்.

நெசவாளரைப் பஞ்ச விதிகள் தனியாகவே பார்த்தன. மண் சுமந்து கல் உடைத்தால் கை காய்த்துவிடும்; காய்த்த விரலில் இழை சிக்கும்; பஞ்சம் தீர்ந்த பிறகும் அவர் தறிக்குத் திரும்ப முடியாது. ஆகவே நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொள்வது நிவாரணமாயிற்று. பட்டு நெய்யும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000களின் தொடக்கத்தில் கைத்தறி நலிந்தபோது தமிழ்நாட்டின் நெசவுப் பகுதிகளில் அரசியல் கட்சிகள் மீண்டும் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தன. நூறாண்டு கடந்தும் பெயர் மாறவில்லை.

ஓ.ஏ.பி.

ஆதரவற்ற முதியோருக்கு மாத ஓய்வூதியம் சென்னை மாநிலத்தில் 1962இல் வந்தது. தொகை 20 ரூபாய். வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் இதில் பிறகு வந்தவை. அன்று பணம் மணியார்டராகத் தபால்காரர் கையில் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் கட்டைவிரல் ரேகையைத் திண்ணையிலேயே வாங்கிக்கொண்டு அவர் எண்ணிக் கொடுத்த அந்த நோட்டுகள்தாம், தமிழ்நாட்டு முதியோர் வாசலுக்கு மாதாமாதம் வந்த முதல் அரசு உதவி எனலாம். மாற்றுத்திறனாளிகள், கைம்பெண்கள், கைவிடப்பட்ட பெண்கள், முதிய விவசாயத் தொழிலாளர் எனப் பிரிவுகள் 1970, 80களில் சேர்ந்தன. 1995 ஆகஸ்ட் 15 முதல் ஒன்றிய அரசும் பங்கு தருகிறது. 60 முதல் 79 வயது வரை அதன் பங்கு மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500. மீதியை மாநிலம் போடுகிறது. 2011இல் 500 ரூபாய் 1000 ஆயிற்று, 2023இல் 1200. 2010களில் மணியார்டர் போய் வங்கிக் கணக்கு வந்தது. நடக்க முடியாதவருக்காக வங்கி முகவர் கைரேகைக் கருவியோடு தெருவுக்கு வரத் தொடங்கினார். தபால்காரர் விட்ட இடத்தை நிரப்ப ஒரு கருவியும் ஓர் ஆளும் தேவைப்பட்டார்கள்.

மக்கள் நாக்கில் இதன் பெயர் ஓ.ஏ.பி. (ஓல்டு ஏஜ் பென்ஷன்) பணம். அதற்கான மனுவை எழுதுவது காஞ்சி தாலுகா அலுவலகம் உட்பட எல்லா வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் ஒரு பிழைப்பு.

சத்துணவு மையத்தில் முதியவர்

பள்ளி மதிய உணவின் கதை தெரிந்ததே: 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர், 1956இல் காமராசர், 1982 ஜூலை 1இல் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். அதிகம் பேசப்படாதது 1983 ஜனவரியில் நடந்தது. ஓய்வூதியம் பெறும் முதியோரும் சத்துணவு மையத்தில் உட்கார்ந்து உண்ணலாம் என்றாயிற்று. குழந்தைகளுக்காக மூட்டிய அடுப்பு தாத்தா பாட்டிக்கும் ஆயிற்று. தனிச் சமையல்கூடம், தனி ஆள் ஏதும் வேண்டியிருக்கவில்லை. சிக்கனத்தில் இதற்கு ஈடான முதியோர் உணவுத் திட்டம் அரிது.

ஆனால் மையம் வரை நடக்க வேண்டும். பேரப்பிள்ளைகளோடு வரிசையில் தட்டேந்தத் தயங்காத மனமும் வேண்டும். வந்து உண்போர் நாளடைவில் குறைந்தார்கள். விதியிலேயே ஒரு விசித்திரம் உண்டு: மையத்தில் உண்ணும் ஓய்வூதியருக்கு மாதம் 2 கிலோ அரிசி இலவசம், உண்ணாதவருக்கு 4 கிலோ. வெந்த சோற்றுக்கு வர முடியாதவருக்கு அரசு கூடுதலாகக் கொடுத்தது வேகாத இரண்டு கிலோ.

காஞ்சிபுரத்தில் மையம் வரையான இந்த நடை சாதாரணமல்ல. பட்டுத்தறி குழித்தறி. முப்பது நாற்பது ஆண்டுகள் குழியில் கால் தொங்கவிட்டு மிதித்தவரின் முழங்காலும் இடுப்பும் அறுபதுக்கு முன்பே முறையிடத் தொடங்கும். உடலும் பார்டரும் வேறு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இன்னொரு கை வேண்டும். ஒரு காலத்தில் அது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையின் கை. பிள்ளைகள் படிக்கப் போனார்கள், நல்லதாயிற்று. பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பகலில் வீட்டில் இருப்பது வயதானவர்கள்.

2002இல் அறநிலையத் துறைக் கோயில்களில் அன்னதானத் திட்டமும், 2013இல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகமும் வந்தன. பின்னது மற்ற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பரவியது. இரண்டுமே நடக்க முடிந்தவரின் வயிற்றைத்தான் நிரப்பின.

பிற நாடுகளில் பாத்திரம் முன்பே வண்டி ஏறிவிட்டது. இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் 1943இல், போர்க்கால மகளிர் தன்னார்வ அமைப்பினர் முதியோர் வீடுகளுக்குச் சூடான சாப்பாடு கொண்டுபோனார்கள். 1954இல் பிலடெல்பியாவில் அது அமெரிக்காவைத் தொட்டது. 1972இல் முதியோர் உணவுக்கு அமெரிக்கக் கூட்டரசே பணம் ஒதுக்கியது. அண்டையில் கேரளம் வேறு வழியில் போயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் உணவை விட்டு நோயாளியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டது. 2008இல் அம்மாநிலம் அதை அரசுக் கொள்கையாக்கியது.

வாசலுக்கு

தமிழ்நாடும் மருந்தோடுதான் வாசலுக்கு வந்தது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறது. மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர் அழுத்தம் பார்க்கிறார்; படுக்கையில் இருப்பவருக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். 2024இல் ஐ.நா. பணிக்குழுவின் விருது இதற்குக் கிடைத்தது.

அரிசி நான்காண்டு பிந்தியது. முதல்வரின் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கியபோது, 70 வயது கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறுகளில் ரேஷன் பொருள்கள் வண்டியில் வந்தன. எடைத் தராசும் விற்பனைக் கருவியும் கூடவே வந்தன. அப்போது கணக்கிட்ட பயனாளிகள் 21 லட்சத்துக்கும் மேல். பெயர் பொருத்தம் தற்செயலோ என்னவோ: காவிரி வெள்ளத்தில் தாய் வந்துசேர முடியாத கர்ப்பிணிக்கு, அவள் தாயாகவே வந்து பிரசவம் பார்த்தவர் திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் என்பது தலபுராணம். ஆள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட கதை.

இந்த வண்டி கொண்டுவருவதும் அரிசி, பருப்பு, சர்க்கரை, பாமாயில்தான். மாத்திரையோ சாப்பிட்ட பின் போடச் சொல்வது. இரண்டுக்கும் நடுவே உலை வைக்கும் வேலை எந்தத் துறையின் பட்டியலிலும் இல்லை. மகளோ மருமகளோ எதிர்வீட்டுக்காரியோ வைக்கிறார்.

கூலியில்லாத அந்த வீட்டு வேலைக்கு அங்கீகாரம் என்று சொல்லி, மாதம் 1000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது. அண்ணா பிறந்தநாள், தொடக்க விழா நடந்ததும் அவர் பிறந்த காஞ்சிபுரத்தில். முதல் விதிகளின்படி, முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் இருக்கும் குடும்பத்துக்கு இத்தொகை இல்லை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், அது தளர்த்தப்பட்டது: அக்குடும்பத்தின் தகுதியுள்ள மற்றப் பெண்கள் விண்ணப்பிக்கலாம். மாமியாரின் ஓ.ஏ.பி. மருமகளுக்குக் குறுக்கே நிற்கவில்லை.