அரையாண்டு லீவுல ரூமை ஒதுக்குங்க... அப்புறம் மரத்தடிக்குப் போங்க!

அரையாண்டுத் தேர்வு முடிஞ்சாச்சு. டிசம்பர் கடைசி வாரம், மார்கழிக் குளிர், கையில போன். லீவு விட்டதும் 'இந்த முறை ஏதாவது கிராஃப்ட் செய்யணும்'னு தோணும். ஆனால், துணி மலையா குவிஞ்ச நாற்காலியும், போன வருஷ நோட்டுகள் அடைச்ச அலமாரியும் உள்ள ரூமில் எங்கே உட்கார்ந்து செய்றது? முதலில் இடத்தைக் காலி செய்வோம். அப்புறம் பொறுக்கப் போவோம். இந்த வரிசையை மாற்றினால், பொறுக்கி வந்ததும் இன்னொரு குப்பைதான்!

ஒரே நாள், நான்கு குவியல்

மேலிருந்து கீழே வாங்க. முதலில் ஃபேன். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி அப்படியே வழித்து இழுத்தால், தூசு உறைக்குள்ளேயே விழும். அடுத்து பரண், அலமாரி, கடைசியில் தரை.

எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் நான்கில் ஒரு குவியலில் போடுங்கள். வேண்டும், யாருக்காவது கொடுக்கலாம், பழைய பேப்பர் கடைக்கு, இ-வேஸ்ட். செத்துப்போன சார்ஜர், இயர்போன், பேட்டரி எல்லாம் கடைசிக் குவியல். இவற்றை மற்ற குப்பையோடு சேர்க்க வேண்டாம். பாதி எழுதின நோட்டில் மிச்சமிருக்கும் வெள்ளைத்தாள்களைக் கிழித்து எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம் என்பதால், சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரமும் பூஞ்சையும் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்து, கதவைத் திறந்து வைத்து வெயில் காட்டுங்கள். கடைசியாக ஒரு தட்டையும் ஒரு செருப்புப் பெட்டியையும் காலியாக விடுங்கள். அந்தப் பெட்டி கொள்ளும் அளவுதான் இனி நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

எதையெல்லாம் பொறுக்கலாம்?

விதி ஒன்றுதான்: தானா கீழே விழுந்தது மட்டும். கிளையை ஒடிக்க வேண்டாம். தோப்பு என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வனத்துறை இடமென்றால் எதையும் எடுக்காதீர்கள். மழைக்குப் பிறகு இலைக்குவியலில் பாம்பு, தேள் இருக்கலாம். கையை விடுவதற்கு முன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

* சவுக்குக் காய்: கடற்கரைப் பக்கம் நிறைய கிடைக்கும். காய்ந்ததும் வாய் திறந்து, குட்டிப் பூ மாதிரி இருக்கும்.
* பாதாம் இலை: தெருவோர நாட்டு வாதுமை மரம், இலை உதிர்க்கும் முன் செக்கச்செவேலென மாறும். கிழியாத இலையாகப் பாருங்கள்.
* வாகைக் காய்: தட்டையாக, வைக்கோல் நிறத்தில் இருக்கும். ஆட்டினால் கலகலவென சத்தம் வரும்.
* சரக்கொன்றைக் காய்: கறுப்பாக, உருளையாக, ஒரு முழம் வரை நீளும். உள்ளே இருக்கும் கூழ் பேதியாக்கும், வாயில் வைக்க வேண்டாம்.
* கொட்டாங்குச்சி, தேங்காய் நார்: சமையலறையிலேயே இருக்கு.
* பன்னாடை: திட்டுறதுக்குப் பயன்படுத்துவோமே, அதேதான்! தென்னை, பனை மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும். கள்ளை வடிகட்ட உதவும் இது, நல்லதை விட்டுவிட்டு கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அந்தத் திட்டு. ஆனால், லேம்ப் ஷேடுக்கு இதைவிட அழகான 'துணி' கிடையாது.

இதைத் தொடவே வேண்டாம்

சிவப்பில் கறுப்புப் புள்ளியோடு மினுங்கும் குன்றிமணி பார்க்க அவ்வளவு அழகு. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோம், ஒரு காலத்தில் தங்கம் எடை போட்டதும் இதை வைத்துத்தான். ஆனால், இதில் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. கெட்டியான ஓடுதான் அதை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. மணி கோக்க ஊசியால் துளையிட்டாலோ, குழந்தை கடித்துவிட்டாலோ அந்தப் பாதுகாப்பு போச்சு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு மணிகூட வேண்டாம்.

ஆமணக்கு விதையிலும் ரிசின் என்ற நஞ்சு உண்டு. அரளி, மஞ்சள் அரளிக் காய் இரண்டும் ஆபத்து. யாராவது வாயில் போட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகலாம். விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், இல்லை 108-ஐ அழையுங்கள்.

கடற்கரையில் பவளத்துண்டு, கடல்குதிரை கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவை பாதுகாக்கப்பட்டவை. தூக்கணாங்குருவிக் கூட்டையும் மரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கழுவு, காயவை, அப்புறம் பெட்டி

நிறைய பேர் சொதப்புவது இங்கேதான். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

காய்களை உதறி, தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். எறும்பு, வண்டு சந்தேகம் இருந்தால், காய்ந்த பின் கவரில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில் வைக்கலாம். கொட்டாங்குச்சியின் நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். இலைகளை செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளை தினமும் மாற்றினால், ஒரு வாரத்தில் ரெடி.

பொங்கலுக்கு ஒரு அட்டை

லீவின் முதல் நாளில் இலையை அழுத்தி வைத்தால், பொங்கலுக்கு முன் வாழ்த்து அட்டை செய்துவிடலாம். கெட்டியான தாளில் இலையைப் பசையால் ஒட்டி, எடுத்து வைத்த நோட்டுத் தாளில் நாலு வரி கையால் எழுதி உள்ளே வையுங்கள். ஃபார்வர்டு மெசேஜ் வந்தே பழகின அத்தைக்கோ தாத்தாவுக்கோ தபாலில் அனுப்பிப் பாருங்கள். போன் உங்களுக்கு வரும்!

கடைசியாக, போகி. 2018 போகி அன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தாமதமாயின. பழைய பிளாஸ்டிக், டயர், ஒயர் எதையும் கொளுத்த வேண்டாம். நான்கு குவியலும் அதனதன் இடத்துக்குப் போய்விட்டாலே உங்கள் ரூமுக்கு போகி முடிந்தது. மிச்சமான இலையும் காயும் செடித்தொட்டிக்கு உரம்.