ஏட்டிலும் களரியிலும்: தமிழ் நாடகக் கல்வி வந்த வழி

1891இல் இரண்டு காரியங்கள் நடந்தன. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அச்சேறியது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். முன்னது படிப்பதற்காகச் செய்யுளில் எழுந்த நாடகம். பின்னது நடிப்பதற்காகக் கூடிய சபை. தமிழ் வகுப்பறை முன்னதை இறுகப் பற்றிக்கொண்டது. நாடகம் என்றால் உரையும் அருஞ்சொற்பொருளும் என்ற நிலை அங்கே வேரூன்றியது.

ஆய்வாளர்களும் ஏட்டிலிருந்தே தொடங்கினர். பரிதிமாற் கலைஞர் 1897இல் 'நாடகவியல்' என்னும் இலக்கண நூலைச் செய்யுளில் தந்தார். விபுலாநந்த அடிகளின் 'மதங்க சூளாமணி' (1926) ஒருபுறம் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் மறுபுறம் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் விட்டுச்சென்ற நாடகக் குறிப்புகளையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தது. மறைந்துபோன நாடக நூல்களின் பெயர்கள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த உரையால்தான். ஆயினும் இலங்கையின் மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, இலக்கணம் தேடியவர்களின் கண்ணுக்கு எட்டாமலே இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம். தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு முன்னால் ஒரு சான்று இருந்தது: அதே வளாகத்தில் பணியாற்றிய எதிரிவீர சரச்சந்திர 1956இல் அரங்கேற்றிய 'மனமே'. சிங்கள நாடகத்துக்குப் புத்துயிர் தந்த அந்தப் படைப்பு நாடகம என்னும் கூத்து மரபிலிருந்து பிறந்தது. அம்மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. வித்தியானந்தன் கூத்துப் பயிற்றும் மட்டக்களப்பு அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். மாணவர்கள் தாளக்கட்டும் ஆட்டமும் முறையாகப் பயின்றார்கள். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. இளைஞர் சி. மௌனகுரு கர்ணனாக ஆடினார்.

மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று நுணுகிப் பார்க்கவேண்டும். வட்டக் களரியைச் சுற்றி மக்கள் அமர்ந்து பார்த்த இரவு நேரக் கூத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. பல மணி நேரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. எந்தப் பாட்டை வெட்டுவது, எந்த ஆட்டத்தை வைப்பது என்று முடிவுசெய்ய ஏட்டறிவு மட்டும் போதாது. கால் அறிந்த தாளமும் வேண்டும். அதே 1962இல் வித்தியானந்தன் 'அலங்கார ரூபன் நாடகம்' என்னும் கூத்து நூலையும் பதிப்பித்தார். பதிப்பும் ஒத்திகையும் ஒரே மனிதரின் பணியானதே தமிழ் நாடக ஆய்வின் உண்மையான திருப்பம் என்பது என் முடிவு. பின்னர் கா. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து, நாடகத்தைச் சடங்கோடும் சமூகத்தோடும் சேர்த்து வாசிக்கும் வழியைத் திறந்தார்.

மலேசியாவில் நிலைமை வேறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை உண்டு; தனிநாயகம் அடிகள் அங்குப் பேராசிரியராக இருந்தபோதுதான் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஆனால் மேடையும் கல்வியும் கைகோத்தது அதே வளாகத்தின் வேறு துறைகளில். வரலாறு கற்பித்த கிரிஷன் ஜித் நாடகங்களை இயக்கினார், நாளிதழில் பல்லாண்டுகள் நாடக விமர்சனமும் எழுதினார். ஆங்கில இலக்கியம் கற்பித்த கே. எஸ். மணியம் தோட்டத் தமிழரின் வாழ்க்கையை 'தி கார்ட்' என்னும் ஆங்கில நாடகமாக்கினார். இருவரும் 1984இல் ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டரை உருவாக்கியவர்களுள் அடங்குவர். தோட்டத்துத் தமிழன் ஆங்கில மேடையில் பாடமானான். தோட்டத்துத் தமிழ் நாடகம் இன்னும் பாடமாகவில்லை.

அந்த நாடகங்களை ஆடியவர்கள் தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரத்துக்கு வந்தார்கள். கம்போங் மேடானிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளில் அவர்களுள் சிலர் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கக்கூடும். அவர்கள் பாடிய பாட்டுக்கும் போட்ட வேடத்துக்கும் அச்சிட்ட பிரதி கிடையாது. தமிழ் நாடகம் கற்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த தவணையில் மனோன்மணீயம் பற்றி எழுதும் கட்டுரையோடு, அவர்களுள் ஒருவரையேனும் பேட்டி கண்டு பாட்டையும் ஆட்டத்தையும் பதிவுசெய்துவரும் பணியையும் மாணவர்களுக்குக் கொடுங்கள். அதற்கும் மதிப்பெண் வையுங்கள்.