வில்லின் நாணிலிருந்து வந்த சைன்

சைன் 30 பாகையின் மதிப்பு என்ன? பத்தாம் வகுப்பு மாணவன் தயங்காமல் "அரை" என்பான். ஆரியபடரைக் கேட்டிருந்தால் "1719" என்றிருப்பார். இரண்டும் சரியே!

வட்டத்தில் ஒரு வில்லின் இரு முனைகளையும் இணைத்தால் நாண் கிடைக்கும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, 60 அலகு ஆரமுள்ள வட்டத்தில், அரைப் பாகைக்கு ஒன்றாக முழு நாண்களின் நீளங்களைப் பட்டியலிட்டார். ஆனால் முழு நாணைக் கொண்டு செங்கோண முக்கோணத்தைத் தீர்ப்பதென்றால், ஒவ்வொரு முறையும் கோணத்தை இரட்டித்து, நாணைப் பாதியாக்க வேண்டும். இந்திய வானநூலார் இத்தொல்லையை ஒரேயடியாக ஒழித்தனர். நாணையே முதலில் பாதியாக்கிவிட்டனர். பாதி நாண், மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து, ஆரம் மூன்றும் சேர்ந்தால் செங்கோண முக்கோணம். ஆரமே அதன் கர்ணம்.

கி.பி. 499-இல் தமக்கு 23 வயது என்று கூறும் ஆரியபடர், ஆரத்தை 3438 என்று கொண்டார். ஏன் இந்த விந்தையான எண்? வட்டத்தின் சுற்றளவு 360 பாகை. அதாவது 21,600 கலைகள். இதை 2π-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 3438 வரும். வளைந்த வில்லையும் நேரான நாணையும் ஒரே அளவுகோலால் அளக்க இது வழி செய்தது. என் கருத்தில், பட்டியலைவிட இந்த யோசனையே பெரிது.

அவர் பாதி நாண்களை நேரடியாகத் தரவில்லை. கால் வட்டத்தை 24 கூறாக்கி, அடுத்தடுத்த நாண்களின் வேறுபாடுகளை மட்டும் எழுத்தெண்களாக ஒரே செய்யுளில் அடக்கினார். முதல் எண்ணுக்கு "மகி" என்ற ஈரெழுத்தே போதும்: ம 25, கி 200, ஆக 225. தொடர்ந்து 224, 222, 219, 215, 210, 205, 199. ஒவ்வொரு கூறும் மூன்றே முக்கால் பாகை. எட்டுக் கூறுகள் 30 பாகை. எட்டு எண்களையும் கூட்டினால் 1719. ஆரத்தில் சரிபாதி!

வடமொழியில் நாணுக்கு "ஜ்யா", "ஜீவா" என்று பெயர். அரபியர் அதை ஒலிபெயர்த்து "ஜீப" என்றனர். உயிர்க்குறியின்றி எழுதும் வழக்கத்தால் அது பிற்காலத்தில் "ஜைப்" என்று படிக்கப்பட்டது. ஆடையின் மடிப்பு, குடா என்பன அச்சொல்லின் பொருள்கள். 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தவர்கள் பொருளை நம்பி "சைனஸ்" என்று எழுதினர். நாண் மடிப்பான கதை இதுதான்!

ஆரம் எதுவானாலும் விகிதம் மாறாது. 1748-இல் வெளிவந்த நூலில் ஆய்லர் ஆரத்தை 1 என்றே வைத்துக்கொண்டார். நம் பாடநூலின் அலகு வட்டம் அதுவே.

பென்சிலை எடுங்கள். 1719 உடன் 191, 183, 174, 164 ஆகியவற்றைக் கூட்டி, 3438-ஆல் வகுத்து, வரும் விடையை உங்கள் அட்டவணையில் 45 பாகைக்கு நேரே உள்ள சைன் மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.