ஆடியில்லா ஒளிப்படக்கருவி

ஆடியில்லா ஒளிப்படக்கருவி என்பது வில்லைகளைக் கழற்றி மாற்றத்தக்கதும், உள்ளே எதிரொளிப்பு ஆடி இல்லாததுமான எண்ணிம ஒளிப்படக்கருவி ஆகும். இது மிரர்லெஸ் கேமரா என்ற பெயரால் பரவலாக அறியப்படுகிறது. 2008 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வகைக் கருவிகள் டி.எஸ்.எல்.ஆர். கருவிகளின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தன. பல ஆண்டுகளாக டி.எஸ்.எல்.ஆர். வில்லைகளைச் சேர்த்து வைத்துள்ள ஒளிப்படக் கலைஞருக்கு இம்மாற்றம் ஒரு கருவியை மட்டும் மாற்றுவதன்று. தம் வில்லைத் தொகுதி முழுவதையும் பற்றிய முடிவாகும்.

அமைப்பு

டி.எஸ்.எல்.ஆர். கருவியில் வில்லைக்குப் பின்னால் 45 பாகை சாய்வில் ஓர் ஆடி உள்ளது. அது ஒளியை மேல்நோக்கித் திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் காட்சிகாணிக்கு அனுப்புகிறது. படம் எடுக்கும் கணத்தில் ஆடி மேலெழும்; ஷட்டர் திறந்து ஒளி உணரியை அடையும். அப்போது காட்சிகாணி இருண்டுவிடும்.

ஆடியில்லாக் கருவியில் ஒளி நேராக உணரியின் மீது விழுகிறது. உணரி பெறும் காட்சி, காட்சிகாணியில் உள்ள சிறிய மின்திரையில் காட்டப்படுகிறது. ஆகவே படம் எவ்வளவு வெளிச்சமாக அமையும் என்பதை எடுப்பதற்கு முன்னரே காணலாம். குவியமும் உணரியிலேயே அளவிடப்படுவதால், தனிக் குவிய அளவி சற்றுப் பிசகுவதால் டி.எஸ்.எல்.ஆர். கருவிகளில் நேரும் முன்குவியம், பின்குவியம் ஆகிய பிழைகள் பெரும்பாலும் இல்லை.

வரலாறு

* 2004 – எப்சன் ஆர்-டி1 வெளிவந்தது. இது கையால் குவியம் செய்யும் தொலைவுமானி வகைக் கருவி.
* 2008 – ஒலிம்பஸ், பானாசோனிக் நிறுவனங்கள் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையை அறிவித்தன. அம்முறையின் முதற் கருவியாகப் பானாசோனிக் லூமிக்ஸ் ஜி1 வந்தது.
* 2013 – 35 மி.மீ. படச்சுருள் அளவு உணரியும் தானியங்கு குவியமும் கொண்ட சோனி ஏ7 வெளியானது.
* 2018 – நிக்கான் இசட்7, இசட்6 ஆகியனவும் கேனான் ஈஓஎஸ் ஆர் கருவியும் வந்தன.
* 2020 – அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் ஒளிப்படச் செய்தியாளர்களுக்குச் சோனி கருவிகளை வழங்கப்போவதாக அறிவித்தது.

ஓர் ஒப்பீடு

நிக்கான் டி850 (2017) டி.எஸ்.எல்.ஆர். வகையையும், நிக்கான் இசட்7 (2018) ஆடியில்லா வகையையும் சேர்ந்தவை. இரண்டும் 45.7 மெகாபிக்சல் உணரி கொண்டவை என்பதால் வேறுபாடுகளை எளிதில் அறியலாம்.

* எடை: மின்கலம், நினைவக அட்டையுடன் டி850 1005 கிராம், இசட்7 675 கிராம்.
* குவியப் புள்ளிகள்: டி850 இல் 153, இசட்7 இல் 493.
* ஒரு மின்னேற்றத்தில் எடுக்கத்தக்க படங்கள்: தரமுறைச் சோதனைப்படி டி850 இல் 1840, இசட்7 இல் ஏறத்தாழ 330. நடைமுறையில் இரண்டிலுமே இதைவிடக் கூடுதலாக எடுக்க முடியும்.
* நினைவக அட்டை இடங்கள்: டி850 இல் இரண்டு; இசட்7 இல் ஒன்று.

எடைக் குறைவு பெரும்பாலும் கருவியின் உடலுக்கே பொருந்தும். நிக்கானின் 70-200 மி.மீ. எஃப்/2.8 வில்லை டி.எஸ்.எல்.ஆர். வடிவில் 1430 கிராம். ஆடியில்லா வடிவில், முக்காலி வளையத்துடன், 1440 கிராம்.

வில்லைகளின் பொருத்தம்

ஆடி அசைவதற்கு இடம் தேவை. அதனால் நிக்கான் எஃப் அமைப்பில் வில்லைப் பொருத்து வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 46.5 மி.மீ. தொலைவு உள்ளது. இசட் அமைப்பில் இது 16 மி.மீ. மட்டுமே. கேனானில் இத்தொலைவு 44 மி.மீ. இலிருந்து 20 மி.மீ. ஆகக் குறைந்தது. இந்த இடைவெளியை அடாப்டர் வளையத்தால் நிரப்பிப் பழைய வில்லைகளைப் புதிய கருவியில் பயன்படுத்தலாம்.

கேனான் இஎஃப் வில்லைகள் இவ்வாறு தானியங்கு குவியத்துடன் இயங்குகின்றன. நிக்கானின் ஏஎஃப்-டி வகை வில்லைகளுக்குள் மின்னோடி இல்லை. கருவியின் மின்னோடியே அவற்றைச் சுழற்றும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் மின்னோடி இல்லாததால், அவ்வில்லைகளைக் கையால்தான் குவிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் இப்பொருத்தம் இயலாது. உணரிக்கு அருகில் அமைய வேண்டிய புதிய வில்லையை டி.எஸ்.எல்.ஆர். உடலில் வைத்தால் தொலைவில் உள்ள காட்சிகள் குவியா. எனவே பழைய கருவியை இரண்டாம் கருவியாக வைத்துக்கொள்பவர், புதிதாக வாங்கும் வில்லைகளை அதில் பயன்படுத்த முடியாது.

குறைகள்

* உணரியும் மின்திரையும் தொடர்ந்து இயங்குவதால் மின்கலம் விரைவில் தீரும்.
* வில்லையைக் கழற்றும்போது உணரியில் தூசு படிய வாய்ப்பு கூடுதல். கேனான் ஈஓஎஸ் ஆர் போன்றவை, அணைக்கப்படும்போது ஷட்டரை மூடி இதைக் குறைக்கின்றன.
* ஓசையற்ற மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தும்போது பல உணரிகள் படத்தை வரிவரியாகப் பதிகின்றன. இதனால் விரைந்து நகரும் மட்டை வளைந்து தோன்றலாம். சில செயற்கை ஒளிகளில் பட்டைகள் விழலாம். முழு உணரியையும் ஒரே கணத்தில் பதியும் சோனி ஏ9 III 2023 இல் அறிவிக்கப்பட்டது.

தற்போதைய நிலை

2020 ஆம் ஆண்டில் சப்பானியத் தயாரிப்பாளர்கள் அனுப்பிய ஆடியில்லாக் கருவிகளின் எண்ணிக்கை டி.எஸ்.எல்.ஆர். கருவிகளைவிட மிகுந்தது. அவ்வாண்டில் நிக்கான் டி6, கேனான் 1டி எக்ஸ் மார்க் III ஆகிய உயர்நிலை டி.எஸ்.எல்.ஆர். கருவிகள் வந்தன. அதன் பின்னர் இவ்விரு நிறுவனங்களும் வெளியிட்ட உயர்நிலைக் கருவிகள் ஆடியில்லாதவை. பெண்டாக்ஸ் மட்டும் 2021 இல் கே-3 மார்க் III என்ற புதிய டி.எஸ்.எல்.ஆர். கருவியை வெளியிட்டது.

ஏற்கெனவே உள்ள டி.எஸ்.எல்.ஆர். கருவிகளின் படத்தரம் இம்மாற்றத்தால் குறைந்துவிடவில்லை. நகரும் பறவை, விளையாட்டு, நிகழ்படம் ஆகியவற்றைப் படமாக்குவோருக்குப் புதிய குவிய முறை பெரும் பயன் தருகிறது. நிலக்காட்சி, அரங்க உருவப்படம் ஆகியவற்றை எடுப்போருக்கு இவ்வேறுபாடு சிறிதே.