அம்பயர்: ஒற்றையாய் நின்றவர்

கிரிக்கெட் புண்ணியத்தில் தெருமுனை வரை வந்துவிட்ட ‘அம்பயர்’ பிறந்தது மைதானத்தில் அல்ல, வழக்கு பேசிய இடத்தில். பழைய பிரெஞ்சில் ‘நோன்பேர்’ என்றால் இணையில்லாதது, ஒற்றைப்படையானது. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரை வைத்து, அந்த இருவரும் ஒத்துப்போகாவிட்டால் முடிவு சொல்ல வந்த மூன்றாம் ஆளுக்கு அதுவே பெயரானது. இருவராகவே நின்றால் இழுபறிதான். ஒற்றை ஆள் சேர்ந்தால் தீரும். எவ்வளவு தெளிவான பெயர்!

ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சொல்லின் முதலில் இன்று ‘ந’ இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் ‘எ’ வரும். உயிரொலிக்கு முன்னால் அது ‘அன்’ ஆகும். பேச்சுவேகத்தில் சொல்லின் ‘ந’ முன்னால் இருந்த ‘எ’யோடு ஒட்டிக்கொண்டது. ‘நேப்ரன்’ என்ற சமையல் மேலாடை ‘ஏப்ரன்’ ஆனதும் இப்படித்தான்.

பழைய பொருள் இந்தியச் சட்டத்தில் வெகுகாலம் வாழ்ந்தது. 1940ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், மத்தியஸ்தர்கள் இரட்டைப்படையில் இருந்தால் அவர்களே ஓர் அம்பயரை நியமிக்க வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பதவியைக் கைவிட்டு, மத்தியஸ்தர்களின் எண்ணிக்கையே இரட்டைப்படையில் இருக்கக் கூடாது என்று விதித்துவிட்டது. கிரிக்கெட்டிலும் அப்படியொரு மூன்றாம் ஆள் உண்டு: 1992இல் மூன்றாவது அம்பயர் வந்தபோது, டர்பன் டெஸ்டில் அவர் தீர்ப்பால் முதலில் ஆட்டமிழந்தவர் டெண்டுல்கர்.